துக்க வீட்டுப் பெல்லட் அடுப்பு

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். புதன்கிழமையிலிருந்து எரியாமல் கிடக்கிற அடுப்புக்குப் பிளக்கைப் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன, ஆனாலும் பிடுங்கிவிட்டேன், ஏனென்றால் இந்த அடுப்பைச் சுத்தம் பண்ணுவதற்கு இந்த வீட்டில் ஒரு முறை இருக்கிறது, அந்த முறையை என் வீட்டுக்காரர் லோகநாதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்து காட்டியிருக்கிறார். முகத்தில் மாஸ்க், கையில் உறை, நெற்றியில் கட்டிய விளக்கு, பக்கத்தில் துணி விரித்து வரிசையாக அடுக்கிய பிரஷ்கள். யாராவது பார்த்தால் இருதய ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளேயிருந்து அள்ளுவது என்னவோ ஒரு சொம்புச் சாம்பல். நான் சமையலறையிலிருந்து பார்ப்பேன், பீரோக் கதவு கழன்று தொங்கி மழைக்காலம் முழுவதும் போயிற்று, அதற்கு ஒரு திருகாணி வைக்க நேரமில்லாத மனுஷன் இதற்கு மட்டும் அரை நாள் உட்காருவார். அடுப்பு என்று நாங்கள்தான் சொல்கிறோம். இதில் சோறு பொங்காது, வெந்நீர் வைக்க முடியாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் ஒரு தொட்டி. மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சிக் குச்சியான பெல்லட்டைத் தொட்டியில் கொட்டினால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டு எரித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அசல் மாட்டுத் தீவனம். போன குளிர்காலத்தில் பழைய எண்ணெய் ஹீட்டர் உயிரை விட்ட பிறகு நியூ ஹாம்ஷயரில் இந்த வீட்டைச் சூடு பண்ண இதை விட்டால் வேறு நாதியில்லை. அதைத்தான் இவர் அணைத்து வைத்திருக்கிறார்.

அணைக்கச் சொன்னது கரூர். கரூர் என்றால் என் மூத்தார் செல்லமுத்து, பஸ் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவர், பட்டறையில் ஆள்களை அதட்டுகிற அதே தொண்டையில்தான் சொந்தத் தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். போனவரை உடனே எடுக்க முடியவில்லை, சிட்னியிலிருந்து நாத்தனார் கோமதி வர வேண்டும், அவள் கோலாலம்பூரில் விமானம் மாற முடியாமல் மாட்டிக்கொண்டாள், அவள் வருகிற வரைக்கும் மாமனார் ஐஸ் பெட்டியில். துக்க வீட்டில் பிணத்துக்குத் தீ வைக்கிற வரைக்கும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம், எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், பங்காளி வீட்டுக்காரர்கள் சோறாக்கிக் கொண்டுவருவார்கள், நானும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் செல்லமுத்து மூத்தார் என்ன சொன்னார்? "லோகு, இங்க தீ வெக்கற வரைக்கும் அங்கயும் அடுப்புப் பத்தக்கூடாது, சொல்லிப்போட்டேன். நீதான் வர்ல. அதையாச்சும் செய்யி." இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ எதிரில் நிற்கிறமாதிரி எழுந்து நின்று, "செரிங்கண்ணா" என்றார். நேராக வந்து இதன் பொத்தானை அமுக்கினார். "ஏனுங்க, இது சோறாக்கற அடுப்புங்களா?" என்று கேட்டேன். "தீ எரியறது கண்ணாடியில தெரியுதில்ல வளரு" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அப்பாவை அங்கே ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மகனும் மருமகளும் பேத்தியும் இங்கே ஐஸ் பெட்டியில் இருக்கிறோம். ஒரே வித்தியாசம், அவருக்குக் குளிராது.

எரிகிண்ணத்தைக் கழற்றினேன். பெல்லட் விழுந்து எரிகிற சின்ன இரும்புக் கிண்ணம் இது, அடியில் காற்று வர ஓட்டைகள். எரிந்தது போக மிச்சம் உருகிக் கெட்டியாகிக் கருங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டினால் அசையவில்லை. விரல் மரத்துப் போயிருக்கிறது, எங்கே தட்டுகிறேன் என்றே தெரியவில்லை. மைக்ரோவேவ் மட்டும் ஆகுமாம். அதில் தீ இல்லையாம். பானுமதி அக்கா தமிழ்ச் சங்கத்து ஆட்களோடு வந்து அலுமினியத் தட்டு நிறைய இட்லியும் சாம்பாரும் வைத்துவிட்டுப் போனார், அதைத் தினமும் மைக்ரோவேவில் வைத்துச் சுடச்சுட எடுத்துச் சாப்பிடுகிறோம், அப்பாவுக்கு மரியாதை குறையவில்லை. பாப்பா அறையில் ஒரு சின்னக் கரண்ட் ஹீட்டர் ஓடுகிறது, அதன் கம்பி பழுக்கக் காய்ந்து செக்கச்செவேல் என்றுதான் இருக்கிறது, அதுவும் ஆகுமாம். காரில் ஹீட்டர் ஆகும். அடுப்பு மட்டும் ஆகாது. யார் வகுத்த சாஸ்திரம் இது? பட்டறைக்காரர் பாதி வகுத்தார், மீதியை இவர் தன் வசதிக்கு வகுத்துக்கொண்டார். பானுமதி அக்கா கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார், கிளம்பும்போது வாசலில் என் காதோடு, "ஏன் வளர்மதி, வூட்டுல பைப்புத் தண்ணி உறைஞ்சிரப் போவுது பாத்துக்க" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக்கூட எங்கள் பைப்பு ஞாபகம் வருகிறது. அன்றிலிருந்து எல்லாக் குழாயையும் நூல் மாதிரி சொட்ட விட்டிருக்கிறேன், அந்தச் சத்தம் தூக்கத்தை விடுவதில்லை. தட்டு. இன்னும் கொஞ்சம் தட்டு. கட்டி பெயர்ந்தது, கூடவே என் நகமும் கொஞ்சம். ஓட்டை ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டுக் குத்தினேன், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு ஆள் ஞாபகம் வந்தது, சும்மா சொல்லக் கூடாது, வேலை சுலபமாக முடிந்தது.

யாருக்காக இந்தக் குளிர் என்று நினைத்தால்தான் சிரிப்பாக வருகிறது. மாமனார் இங்கே ஒரு குளிர்காலம் வந்திருந்தார். மூன்று மாதம் என்று வந்தவர் ஒரு மாதத்தில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனார். இருந்தவரைக்கும் இந்த அடுப்புக்கு எதிரிலேயே நாற்காலி, வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, பாப்பாகூட. "இதென்னமா, கோழியடைக்கற கூண்டாட்ட இருக்குது" என்பார். கூண்டு என்று சொன்னவருக்கு அதை விட்டு நகர மனசு வராது. தான் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக எரிய வேண்டும், தூங்கப் போகும்போது கையோடு குறைத்து வைத்துவிட்டுப் போவார், சாமானம் வீணாகிறதாம். நாங்கள் விடியற்காலையில் பல் கிட்டிப்போய் எழுந்திருப்போம். நான் கூட்டி வைத்தால் அவர் குறைப்பார், அவர் குறைத்தால் நான் கூட்டுவேன், இந்தச் சண்டையில் இவர் யார் பக்கம் என்று கடைசிவரை தெரியவில்லை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். எனக்கு அந்தக் கிழவரைப் பிடிக்காது. செத்துப் போனதால் பிடித்துவிடவும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவர் இருந்தால் இந்தக் கூத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார். பாப்பா ஒரு தும்மல் போட்டாலே சுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அவள் தும்முவது அவர் அடுப்பைக் குறைத்து வைத்ததால் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறாது. அடுப்பின் மேல்பக்கத்துச் சூட்டுக் குழாய்களுக்குள் நீளப் பிரஷை விட்டு இழுத்தேன், சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்து முகத்தில் அடித்தது. மாஸ்க் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இவர் சொல்கிறபடி ஒன்றைச் செய்வதைவிடத் தும்முவது மேல்.

சாம்பலை இழுக்கிற வாக்யூமைப் போட்டேன், அதற்கென்றே தனியாக ஒன்று, ஒரு கங்கு இருந்தாலும் சாதாரண வாக்யூம் பற்றிக்கொள்ளுமாம், இப்போது எங்கே கங்கு, எல்லாம் கல்லாய்க் குளிர்ந்து கிடக்கிறது. அதன் இரைச்சலில் கொஞ்ச நேரம் எதுவும் நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. போகாததுதான் விஷயம். அடுப்பு இல்லை, வழக்கம் இல்லை, போகாததுதான். செய்தி வந்ததும் நான் பெட்டியை எடுத்து வேட்டி, சட்டை, பாஸ்போர்ட், பல் துலக்குகிற பிரஷ் வரை அடுக்கி வைத்துவிட்டேன். "கெளம்புங்க, பாப்பாவ நாம் பாத்துக்கறனுங்க" என்றேன். இவர் வக்கீலைக் கூப்பிட்டார். வெளியே போனால் திரும்பி வர விசா முத்திரை குத்த வேண்டும், குத்தாமல் இழுத்தடித்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். வக்கீல் போகாதே என்று சொல்லவில்லை, உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னார். உங்கள் இஷ்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் இவருக்குக் கை கால் ஓடாது. படுக்கையில் உட்கார்ந்து பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வேட்டியை மடித்தபடியே பீரோவில் வைத்தார். கோழை என்று சொல்லியிருப்பேன், சொன்னால் திருப்பிப் பேசுவாரா என்றால் அதுவும் மாட்டார். இப்போது போகாத குறைக்குக் குளிரில் உட்கார்ந்து கழிக்கிறார். தான் மட்டும் உட்கார்ந்து கழித்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன், பனியில் போய் நிற்கட்டும், குழந்தையை எதற்குக் கூட இழுக்கிறது? எங்கப்பாவுக்கு என்றால் நான் போய்விடுவேன். கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். ஈரோட்டில் எங்கப்பா இந்நேரம் சாயங்கால நடைக்குக் கிளம்பியிருப்பார், போன மாதம் நெஞ்சு கரிக்கிறது என்றார், வாயு என்றார்கள். போய்விடுவேன். பாப்பாவை யாரிடம் விடுவது, என் விசா இவர் விசாவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்புறம் திரும்பி வர... வாக்யூமை நிறுத்தினேன். வாயுதான். அவருக்கு எப்போதுமே வாயு.

கண்ணாடியில் மஞ்சளும் கறுப்புமாய்ப் புகை படிந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் சேறு மாதிரி இழுபடுகிறது, துணியைத் திருப்பித் திருப்பித் துடைக்க வேண்டும். கதவைச் சுற்றி ஒட்டியிருக்கிற கயிற்றையும் பார்க்க வேண்டும், ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் வரக் கூடாது, வந்தால் புகை வீட்டுக்குள் கசியும், அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்று இவர் சொல்லிச் சொல்லி எனக்கே பயம் பிடித்துவிட்டது. காகிதம் வரவில்லை. கையில் கிடைத்தது மின்கட்டணக் காகிதம், கிழிந்தது, போகட்டும். இனி வெளியே புகைக்குழாய். கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன், பனி முழங்கால் வரைக்கும், கிழக்கே இப்போதுதான் வெளுக்கிறது. மூக்கு முடியெல்லாம் விறைத்துக்கொள்கிற குளிர். குழாயின் அடி மூடியைத் திருகிக் கழற்றினதும் கறுப்புத் தூள் கொட்டி வெள்ளைப் பனியில் கரியாய்க் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன், மாடி ஜன்னலில் இவர். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போன் வெளிச்சம் முகத்தில் அடிக்க, கரூரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே சாயங்காலம், கோமதி வந்து சேர்ந்துவிட்டாள், பாடை கிளம்பிவிட்டது, தெரு நிறைய ஆள், யாரோ ஒருவன் வீடியோவில் காட்டிக்கொண்டே போகிறான், இவர் ஒருத்தர்தான் அதில் இல்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சுத்தம்தான் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன், துக்க வீட்டில் சுத்தம் பண்ணக் கூடாது என்று கரூர் இன்னும் சொல்லவில்லை. மூடியைத் திருகி மூடிவிட்டு உள்ளே வந்தேன்.

பாப்பா படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆதிரை, ஐந்து வயசு, மூச்சில் பூனை கத்துகிற மாதிரி ஒரு இழுப்பு எப்போதும் உண்டு, குளிரில் அதிகமாகும். "அம்மா, மூக்கு ஜில்லுங்குதும்மா. அந்த ஹீட்டர் செத்துப் போச்சு" என்றாள். செத்துப் போச்சு என்கிற வார்த்தையை இந்த வாரம்தான் கற்றுக்கொண்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், கரண்ட் ஹீட்டரின் சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமில்லை, பிளக்கின் பக்கத்தில் கருகின வாடை, சுவர்ப் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கிறது, தூக்கிவிட்டேன், உடனே மறுபடி விழுந்தது. அந்த அறை எப்போதிலிருந்து குளிர்ந்து கிடக்கிறது? அவள் கையைப் பிடித்தேன், நகக்கண் நீலம் பாரித்த மாதிரி இருந்தது. மாதிரிதானா, நிஜமாகவேயா? அவள் மார்பில் காதை வைத்தேன், இழுப்பு நேற்றைவிட நீளம். மாடியிலிருந்து இவர் பேசுவது கேட்டது. மயானத்துக்குப் போனதும் வீடியோவை நிறுத்திவிட்டார்கள் போல, இப்போது வெறும் போன்தான், ஸ்பீக்கரில் போட்டிருந்தார், மூத்தார் குரல் வீடு முழுக்க அதட்டியது. "கேஸ் மேடையில எங்களுக்கு முன்னாடி ஒண்ணு ஆவுது லோகு. அதுக்கப்பறம் இன்னொண்ணு காத்துக்கிட்டிருக்குது. இன்னம் நேரமாவும்." இவர் "செரிங்கண்ணா, இருக்கட்டுங்கண்ணா" என்றார். இருக்கட்டுமாம். என்ன இருக்கட்டும்? வியாழக்கிழமை எடுத்துவிடுவோம் என்றார்கள், அப்புறம் வெள்ளி என்றார்கள், இப்போது வரிசையில் நிற்கிறார்கள். செத்தவருக்கு வரிசை, சரி, நியாயம். என் பிள்ளையின் மூச்சுக்குமா வரிசை?

நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் பொய். எரிகிண்ணத்தை அதன் இடத்தில் உட்கார வைத்தேன், கோணலாக உட்கார்ந்தால் பற்றாது, அமுக்கிச் சரி பார்த்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். தொட்டியில் ஒரு மூட்டையைக் கிழித்துச் சரித்தேன், அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது, இவர் பார்த்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பிளக்கைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன். உடனே பற்றாது இது. முதலில் உள்ளே மோட்டார் முனகும், அப்புறம் டொக் டொக்கென்று ஒவ்வொரு பெல்லட்டாக விழும், அப்புறம் புகை, கண்ணாடி முழுக்கப் புகை, இதோடு முடிந்தது என்று நினைக்கிற அளவுக்குப் புகை. பாப்பாவைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றினால் என்ன ஆகும்? ஊருக்குத் தெரிந்தால், "அப்பன் பொணம் வேகறதுக்கு முன்னாடி மருமக அடுப்புப் பத்த வெச்சுட்டா" என்பார்கள், காலாகாலத்துக்கும் அது என் தலையில். என்னிடம் பதில் தயாராக இருந்தது. போனவர் ஒருநாள் போனார், போகாதவர் தினம் எங்களைக் கொல்கிறார் என்று சொல்வேன். வேட்டியை மடித்து வைத்ததைச் சொல்வேன். உங்களுக்குக் கண்ணீர்கூட வரவில்லையே, ஒரு சொட்டு வந்ததா என்று கேட்பேன். எல்லாவற்றையும் வரிசையாக நாக்கில் வைத்திருந்தேன். அப்போதுதான் புகைக்கு நடுவில் பொட்டு மாதிரி ஒன்று சிவந்தது, குபீரென்று பிடித்துக்கொண்டது, கண்ணாடி பளிச்சென்று மஞ்சளாயிற்று. "ஐ, வந்துருச்சு" என்று பாப்பா கை தட்டினாள், அது மாடிவரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்டது. படியில் காலடிச் சத்தம், மெதுவாக, ஒவ்வொரு படியாக. போர்வையோடு, கையில் போனோடு, வெறுங்காலோடு வந்து நின்றார். தாடி முளைத்த முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், முதல் வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன், வந்ததும் நான் வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவதாக இருந்தேன். அவர் பாப்பாவின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அப்படியே என் பக்கத்தில் தரையில், கொட்டிக் கிடந்த பெல்லட்டின் மேலேயே உட்கார்ந்தார், போனைத் தொடையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கண்ணாடிக்கு நேராக நீட்டினார். போன் அணைக்கப்படவில்லை, அதிலிருந்து மூத்தார் குரல், பின்னால் யாரோ அழுகிற சத்தம், சங்குச் சத்தம். "லோகு, இருக்கறயா? அடுத்தது நம்முளுதுதான். ஏப்பா, அங்க அடுப்புக்கிடுப்புப் பத்த வெச்சுப்போடலயே?" இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அண்ணனிடம் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் கையை இன்னும் கொஞ்சம் தீக்குக் கிட்டே நீட்டினார். "இல்லீங்கண்ணா" என்றார். "ஊடு ஜில்லுன்னுதான் இருக்குது." சொன்னதும் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார், பொத்தியும் அடங்கவில்லை, புதன்கிழமையிலிருந்து வராதது எல்லாம் ஒரேயடியாக வந்தது. வெட்கங்கெட்ட மனுஷன், குழந்தைக்கு எதிரில் அப்படி அழுதார். பாப்பா பயந்துபோய் அவர் தலையைத் தடவினாள். "ஏண்டா அழுவற?" என்று கேட்டது கரூர், அந்தத் தொண்டைகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. தீ வெளிச்சத்தில் பளபளக்கிற முகத்தோடு இவர் சொன்னார், "குளுருதுங்கண்ணா." நான் எட்டி அடுப்பை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.